உப்புக்காற்றில் நிற்கும் பட்டாளத்து லாரி: அடையாளம் காண்பதும் மீட்டெடுப்பதும்

தொண்டியிலிருந்து சாயல்குடி வரையிலான கடற்கரைப் பகுதியில் சுற்றிப் பழகியவர்கள், பனந்தோப்பின் ஓரத்திலோ உப்பளக் கொட்டகையின் பின்புறத்திலோ, சீமைக் கருவேலம் உள்ளே முளைத்து வெளியே தலை நீட்டும் பழைய லாரிக் கூடு ஒன்றை எப்போதாவது பார்த்திருக்கலாம். அருகிலிருக்கும் பெரியவர்களைக் கேட்டால், 'அது பட்டாளத்து லாரி, வெள்ளைக்காரன் காலத்தது' என்பார்கள். அந்தப் பதில் சில நேரங்களில் முழு உண்மை. பல நேரங்களில் பாதி உண்மை. இரண்டாம் உலகப் போரில் ஓடிய ராணுவ லாரியையும், சுதந்திரத்துக்குப் பிறகு வந்த ராணுவ லாரியையும், ராணுவ முகாமின் வாசலையே பார்த்திராத சரக்கு லாரியையும் துரு ஒரே நிறமாக்கிவிடுகிறது. அவற்றைப் பிரித்தறிவது எப்படி, போர்க்கால லாரிதான் என்று உறுதியான பின் இந்தக் கடற்கரையில் அதை மீட்டெடுப்பது எப்படி என்பதை, இதுவரை ஸ்பேனர் பிடித்திராதவருக்கும் விளங்கும்படி எழுத முயல்கிறேன்.

முதலில் ஒரு வேண்டுகோள். அடையாளம் காணும் வரை எதையும் தேய்க்காதீர்கள், சுரண்டாதீர்கள், கழற்றாதீர்கள். பழைய லாரி கிடைத்த மகிழ்ச்சியில் அன்றைக்கே கம்பி பிரஷை எடுத்துக் கதவைப் பளபளப்பாக்குவதுதான் இந்த வேலையில் மிகுதியாக நடக்கும் சேதம். துருவுக்கு அடியில் மங்கலாகக் கிடக்கும் ஓர் எழுத்து, கதவின் உட்புறத்தில் எஞ்சிய ஒரு விரற்கடை அளவு பச்சை, கழன்று விழும் நிலையிலுள்ள ஒரு பித்தளைத் தகடு ஆகிய மூன்றுமே அந்த வண்டியின் பிறப்புச் சான்றிதழ்கள். அவை போய்விட்டால் வேறெங்கும் கிடைக்கமாட்டா. நான்கு பக்கமும், அடியிலும், கேபினுக்குள்ளும் நல்ல வெளிச்சத்தில் படமெடுத்து, அளவுகளை நோட்டில் குறித்த பிறகே கை வைக்க வேண்டும்.

இந்த லாரிகள் எங்கிருந்து வந்தன என்பது தெரிந்தால் அடையாளம் காண்பது எளிதாகும். போர்க்காலத்தில் பிரிட்டிஷ் இந்திய ராணுவம் பயன்படுத்திய வாகனங்களில் கனடாவில் செய்யப்பட்டவை ஏராளம். அங்குள்ள ஃபோர்டு நிறுவனமும், செவர்லே லாரிகளைச் செய்த ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனமும் சந்தையில் போட்டியாளர்கள். ஆனால் போருக்காக, பிரிட்டிஷ் ராணுவம் வகுத்த ஒரே வரையறையின்படி, உடன்பிறந்தவை போலத் தோன்றும் லாரிகளை இரண்டும் செய்தன. 'கனடிய ராணுவ மாதிரி' எனப்படும் இந்த வகையில் மட்டும் ஏறத்தாழ 4 லட்சம் வண்டிகள் உருவாயின. வட ஆப்பிரிக்கப் பாலைவனத்திலும் இத்தாலியிலும் பர்மாவிலும் ஓடியவை இவை. இவற்றின் ஃபோர்டு சேசிஸ் (வண்டியின் அடிச்சட்டம்) மீது நம் நாட்டுக் கவசத் தகடுகளைப் பொருத்தி 4,600-க்கும் மேற்பட்ட கவச வண்டிகள் இங்கேயே செய்யப்பட்டன. அவை செய்யப்பட்ட ஊரின் பெயராலேயே அவற்றை 'டாட்டாநகர்' என்று படைவீரர்கள் அழைத்தார்கள். போர் முடிந்ததும் உபரியாக நின்ற வாகனங்கள் டிஸ்போசல் ஏலங்களில் விற்கப்பட்டன. வாங்கியவர்கள் மரத்தில் புது பாடி கட்டிப் பேருந்தாகவும் சரக்கு லாரியாகவும் ஓட்டினார்கள். நம் பக்கத்தில் அத்தகைய வண்டிக்குக் கிடைத்திருக்கக்கூடிய சுமை உப்பு, கருவாடு, கருவேலங்கரி ஆகியவைதான்.

ஆகவே, போர்க்கால லாரியின் உடம்பில் இரண்டு வாழ்க்கைகள் கலந்திருக்கும். முதல் வாழ்க்கையில் வந்தது எது, இரண்டாம் வாழ்க்கையில் சேர்ந்தது எது என்று பிரிப்பதே அடையாளம் காணும் வேலையின் சாரம். எளிதில் மாற்றக்கூடிய பாகத்தை நம்பாமல், மாற்றுவதற்குக் கடினமான பாகத்தை நம்புவது இதற்கான வழி. பின்புற மர பாடி, விளக்கு, இருக்கை, சில நேரங்களில் என்ஜினும்கூட, எத்தனை முறை வேண்டுமானாலும் மாறியிருக்கலாம். சேசிஸ், ஆக்சில்கள் (சக்கரங்களைத் தாங்கும் அச்சுகள்), கேபினின் இரும்புச் சட்டம் ஆகியவை அவ்வளவு எளிதில் மாறுவதில்லை.

பத்தடி தள்ளி நின்று பக்கவாட்டில் பாருங்கள். கனடிய மாதிரி லாரிக்குச் சப்பை மூக்கு. கப்பலில் குறைந்த இடம் பிடிக்க வேண்டும், சரக்குக்கு அதிக நீளம் கிடைக்க வேண்டும் என்பதற்காக என்ஜினைப் பாதி கேபினுக்குள் தள்ளியிருப்பார்கள். அதனால் பானெட் மிகக் குட்டையாகவும், ஓட்டுநரின் கால் வைக்கும் இடம் மிக நெருக்கமாகவும் இருக்கும். அடுத்து முன்கண்ணாடியைப் பாருங்கள். தொடக்க காலத்து வண்டிகளில் அது நிமிர்ந்து நிற்கும். போரின் நடுப்பகுதியிலிருந்து வந்த, '13-ஆம் எண் கேபின்' எனப்படும் வகையில், கண்ணாடியின் மேல்விளிம்பு முன்னே தள்ளியும் கீழ்விளிம்பு உள்ளே ஒடுங்கியும், வழக்கமான லாரிகளுக்கு நேர் எதிராகச் சாய்ந்திருக்கும். வானத்தில் பறக்கும் எதிரி விமானத்தின் கண்ணில் கண்ணாடியின் பளபளப்பு படாமல் இருக்கவே இந்தச் சாய்வு. பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடக்கூடிய அடையாளம் என்று ஒன்றைக் கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன். கண்ணாடி எப்போதோ உடைந்து போயிருந்தாலும் அதைத் தாங்கிய இரும்புத் தூண்களின் சாய்வு அப்படியே நிற்கும்.

ஃபோர்டா செவர்லேயா என்பதை ரேடியேட்டருக்கு முன்னுள்ள கிரில் கம்பிவலை காட்டிக்கொடுக்கும். வலைக்கண்கள் சதுரமாக நேராக நின்றால் ஃபோர்டு. சாய்சதுரமாக, கோலப் புள்ளிகளைக் குறுக்கே இணைத்தது போல இருந்தால் செவர்லே. வலை போய்விட்டிருந்தால் என்ஜினைப் பார்க்கலாம். செவர்லேயில் ஆறு சிலிண்டர்கள் ஒரே வரிசையில் நிற்கும், கொள்ளளவு 216 கன அங்குலம். ஃபோர்டில் எட்டு சிலிண்டர்கள் இரண்டு வரிசையாக 'வி' வடிவில் சாய்ந்திருக்கும், கொள்ளளவு 239 கன அங்குலம், மேலே சிலிண்டர்களை மூடும் தட்டையான இரண்டு ஹெட்டுகள் தெரியும். இரண்டுமே பெட்ரோல் என்ஜின்கள். பெட்ரோல் செலவு கட்டுப்படியாகாமல் பெர்கின்ஸ் போன்ற டீசல் என்ஜினைப் பிற்காலத்தில் மாட்டியவர்கள் உண்டு என்பதால், என்ஜின் சொல்லும் சாட்சியத்தைக் கிரில்லோடும் சேசிஸோடும் ஒப்பிட்ட பிறகே ஏற்க வேண்டும்.

பின்சக்கரங்களையும் கவனியுங்கள். நாம் பழகிய சரக்கு லாரிகளில் பின்னால் ஒவ்வொரு பக்கமும் இரட்டைச் சக்கரம். கனடிய மாதிரியில் 3 டன் வண்டிக்குக்கூட ஒற்றைச் சக்கரம்தான், முன்னும் பின்னும் ஒரே அளவு டயர். அடுத்து ஓர் அளவு நாடாவை எடுத்து, முன்சக்கர நடுவிலிருந்து பின்சக்கர நடு வரை அளந்துகொள்ளுங்கள். 101 அங்குலம் என்றால் அநேகமாக 15 ஹண்டர்வெயிட் வண்டி. 134 அங்குலம் என்றால் 30 ஹண்டர்வெயிட் அல்லது 3 டன்னின் குட்டை வகை. 158 அங்குலம் என்றால் 3 டன்னின் நெட்டை வகை. ஒரு ஹண்டர்வெயிட் என்பது 112 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 50.8 கிலோ, ஆகவே 15 ஹண்டர்வெயிட் வண்டியின் சுமை ஏறத்தாழ 760 கிலோ. இந்தக் கணக்கு தெரிந்தால் பெயர்த் தகட்டில் உள்ள எழுத்துகளும் பேசத் தொடங்கும்: 'சி60எல்' என்றால் செவர்லே, 60 ஹண்டர்வெயிட், நெட்டை வகை, 'எஃப்15ஏ' என்றால் ஃபோர்டு, 15 ஹண்டர்வெயிட், நான்கு சக்கரங்களுக்கும் விசை செல்லும் வகை.

அளவு இவற்றில் எதனோடும் பொருந்தாவிட்டால் உடனே கைவிட வேண்டாம். பேருந்து பாடி கட்டுவதற்காகச் சேசிஸை வெட்டி நீட்டுவது அந்தக் காலத்தில் வழக்கம். ஆலையிலிருந்து வந்த சேசிஸின் இணைப்புகள் ரிவிட் அடித்தவை. பட்டறையில் நீட்டியது என்றால் வெல்டிங் தழும்போ போல்டு வரிசையோ தெரியும். வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்து, முன் ஆக்சிலின் நடுவில் பூசணிக்காய் போன்ற உப்பல் இருந்தால் முன்சக்கரங்களுக்கும் விசை சென்றிருக்கிறது என்று அறியலாம். அங்கே விசையைக் கொண்டுசெல்லும் ஷாஃப்டை எரிபொருளும் தேய்மானமும் மிச்சமாகட்டும் என்று பலர் கழற்றிப் போட்டுவிட்டார்கள். ஆனால் அந்த உப்பலை யாரும் வெட்டி எறிவதில்லை.

இனி, ஏமாற்றும் வண்டிகள் எவை என்று பார்க்கலாம். ராணுவப் பச்சையும் நான்கு சக்கர விசையும் இருப்பதால் மட்டும் ஒரு வண்டி போர்க்காலத்தது ஆகிவிடாது. ஜெர்மனியின் எம்.ஏ.என். நிறுவனம் தந்த உரிமத்தின் பேரில் ஜபல்பூரில் 1959-இல் தொடங்கி உருவான 'சக்திமான்' லாரிகள் நம் ராணுவத்தில் பல பத்தாண்டுகள் ஓடி, பின்னர் ஏலத்தில் வெளியே வந்தன. 'பட்டாளத்து லாரி' என்று எனக்குக் காட்டப்பட்டவற்றில் இவையே அதிகம். நீண்ட பானெட்டும் டீசல் என்ஜினும் இவற்றை உடனே பிரித்துக் காட்டும். ஜீப்பைப் பற்றியும் அடிக்கடி கேட்கிறார்கள்: போர்க்கால ஜீப்பின் முகத்தில் ஒன்பது செங்குத்துப் பிளவுகள், அதன் பின் வந்த சிவிலியன் ஜீப்பில் ஏழு. பின்புறம் இரண்டு ஆக்சில்களும் இடப்பக்கம் ஸ்டீரிங்கும் கொண்ட பெரிய லாரி கிடைத்தால், அது எல்லாச் சக்கரங்களுக்கும் விசை செல்லும் அமெரிக்க ஜி.எம்.சி. 6×6 ஆக இருக்கக்கூடும். அந்த வகையில் 5 லட்சத்துக்கும் மேல் செய்யப்பட்டன. கனடிய, பிரிட்டிஷ் லாரிகளுக்கு ஸ்டீரிங் நம் வழக்கப்படி வலப்பக்கம்.

எண்களும் உதவும். பிரிட்டிஷ் ராணுவம் தன் வாகனங்களின் பானெட் பக்கவாட்டிலோ கதவிலோ எழுதிய எண்ணுக்கு முன் ஓர் எழுத்து இருக்கும். 'எல்' என்றால் ஒரு டன்னும் அதற்கு மேலும் சுமக்கும் லாரி, 'இசட்' என்றால் அதற்குக் குறைந்த டிரக், 'ஹெச்' என்றால் பீரங்கி இழுக்கும் டிராக்டர், 'சி' என்றால் மோட்டார் சைக்கிள். கருவிகளிலும் பாகங்களிலும் மேல்நோக்கிய அம்பு முத்திரை பதிந்திருந்தால் அது அரசு உடைமை என்பதற்கான பழைய பிரிட்டிஷ் அடையாளம். அந்த அம்பு 'சி' என்ற எழுத்துக்குள் நின்றால் கனடிய ராணுவத்துக்கு உரியது. இன்றைக்கும் நம் ராணுவ வண்டிகளின் எண்பலகையில் நிற்கும் அம்பு அந்த மரபில் வந்ததே.

ராமேசுவரம் தீவில் கிடைக்கும் வண்டிக்கு மட்டும் கூடுதலாக ஒரு கேள்வி உண்டு. பாம்பன் சாலைப் பாலம் 1988-இல்தான் திறக்கப்பட்டது. 1914 முதல் அதுவரை இருந்தது ரயில் பாலம் மட்டுமே. ஆகவே அதற்கு முன்பே தீவில் நின்ற லாரி என்றால், அது ரயில் வேகனில் ஏறியோ படகில் ஏறியோதான் வந்திருக்க முடியும். இவ்வளவு சிரமப்பட்டு அதைக் கொண்டுவந்தவர் யார் என்ற நினைவு எந்தக் குடும்பத்திலாவது தங்கியிருக்கும். அதை இன்றே கேட்டு எழுதிக்கொள்வது நல்லது.

அடையாளம் உறுதியாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். மீட்டெடுக்கும் வேலை உள்நாட்டில் ஒரு விதம், இந்தக் கடற்கரையில் வேறு விதம். இங்கே முதல் எதிரி துரு அன்று, உப்பு. அடுப்படியில் திறந்து வைத்த கல்லுப்பு மழைக்காலத்தில் கசிந்து ஈரமாவதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். சாதாரண உப்பு, காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டினால் தானே நீரை இழுத்துக் கரையத் தொடங்கும். கடலுப்பில் கலந்துள்ள மெக்னீசியம் குளோரைடு அதைவிட மிகக் குறைந்த ஈரப்பதத்திலேயே கரையும். வாடைக்காற்றும் கச்சான் காற்றும் மாறி மாறிக் கொண்டுவந்து படியவைத்த உப்பு, துருவின் நுண்துளைகளுக்குள் அமர்ந்துகொண்டு ஒவ்வோர் இரவும் இரும்பை நனைக்கிறது. மேலே எவ்வளவு விலையுயர்ந்த பெயின்ட் அடித்தாலும், உள்ளே உப்பு இருந்தால் ஓராண்டுக்குள் கொப்புளம் கிளம்பிவிடும். காரைக்குடியில் இயங்கும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம், உலோக அரிப்பை ஆராய்வதற்கென்று மண்டபம் முகாமில் ஓர் ஆய்வு மையத்தை அமைத்தது என்பதிலிருந்தே இந்தக் காற்றின் கடுமையைப் புரிந்துகொள்ளலாம்.

எனவே பெயின்டுக்கு முன், துரு நீக்குவதற்கும் முன், கழுவுவதே முதல் வேலை. இங்கே ஒரு சிக்கல் உண்டு. நம் பகுதியின் பல கிணறுகளிலும் ஆழ்துளைக் குழாய்களிலும் வருவது உப்புத் தண்ணீர். அதனால் கழுவினால் உப்பை உப்பால் கழுவியதாகும். முதல் அலசலுக்குக் காவிரிக் கூட்டுக் குடிநீரையும், கடைசி அலசலுக்குத் தொட்டியில் பிடித்த மழைநீரையோ பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரையோ பயன்படுத்த வேண்டும். உப்பு போய்விட்டதா என்று பார்க்க ஒரு பள்ளிக்கூடச் சோதனையே போதும்: அலசிய நீரைச் சிறிது கண்ணாடிக் குழாயில் எடுத்து ஒரு துளி சில்வர் நைட்ரேட் கரைசல் விட்டால், குளோரைடு இருக்கும் வரை நீர் பாலாகக் கலங்கும். அலசுவதற்கு முன் எடுத்துவைத்த அதே நீரின் தெளிவும் அலசிய நீரின் தெளிவும் ஒன்றாகும் வரை திரும்பத் திரும்பக் கழுவுங்கள். பொறுமையைச் சோதிக்கும் இந்த வேலைக்குச் செலவிடும் ஒரு வாரம், பின்னால் பல ஆண்டுகளைக் காப்பாற்றும் என்பதை என் கையால் செய்து கண்டிருக்கிறேன்.

துரு நீக்குவதற்குப் பட்டறைகளில் மணல் பீய்ச்சுவதை முதலில் சொல்வார்கள். கடற்கரை மணலை இதற்குப் பயன்படுத்தவே கூடாது. அதிலுள்ள உப்பு இரும்புக்குள் அறையப்படும். எந்த மணலானாலும் அதன் தூசி நுரையீரலைக் கெடுக்கும். கதவு, பானெட் போன்ற மெல்லிய தகடுகளோ மணல் மோதும் வேகத்தில் வளைந்துவிடும். சிறிய பாகங்களுக்கு மின்பகுப்பு முறை மிக நல்லது. பிளாஸ்டிக் தொட்டியில் சலவை சோடா கரைத்த நீரை நிரப்பி, பேட்டரி சார்ஜரின் எதிர்முனையைத் துருப்பிடித்த பாகத்திலும் நேர்முனையை ஒரு வீணான இரும்புத் துண்டிலும் மாட்டி, இரண்டும் தொடாமல் தொங்கவிட்டால், நல்ல இரும்பைத் தின்னாமல் துரு மட்டும் தளர்ந்து உதிரும். நேர்முனையில் எவர்சில்வரை மாட்டக் கூடாது, நஞ்சான குரோமியச் சேர்மங்கள் உண்டாகும். வெளிவரும் ஹைட்ரஜன் வாயு தீப்பிடிக்கும் என்பதால் இந்த வேலையைத் திறந்த வெளியில் செய்ய வேண்டும். டானிக் அமிலம் கலந்த துருமாற்றிகளும் கடைகளில் கிடைக்கின்றன; கடுக்காய்ச் சாறு இரும்பில் பட்டால் கறுக்குமே, அதே வினைதான் அது. உப்பை நீக்கிய பரப்பில் மட்டுமே அது பயன் தரும். பழைய பெயின்டில் ஈயமும், பிரேக் லைனிங்கில் கல்நாரும் இருக்கக்கூடும் என்பதால் இரண்டையும் உலர்வாகத் தேய்க்காமல், நனைத்தே கையாள வேண்டும்.

சக்கரத்தைப் பற்றிச் சொல்லும்போது குரலை உயர்த்தியே சொல்கிறேன், இது உயிர் சம்பந்தப்பட்டது. கனடிய, பிரிட்டிஷ் போர்க்கால வண்டிகள் பலவற்றில் சக்கரம் ஒரே துண்டு அன்று. இரண்டு பாதிகளை வட்டமாக நட்டுகளால் இணைத்திருப்பார்கள். உள்வட்டத்து நட்டுகள் சக்கரத்தை ஹப்போடு, அதாவது ஆக்சில் முனையிலுள்ள குடத்தோடு, பிணைப்பவை. வெளிவட்டத்து நட்டுகள் இரண்டு பாதிகளைச் சேர்த்துப் பிடிப்பவை. காற்று இருக்கும்போது வெளிவட்டத்தைத் தளர்த்தினால் சக்கரம் வெடித்துப் பிளக்கும், எதிரில் நிற்பவர் பிழைப்பது அரிது. இதை எச்சரிக்கவே அந்த நட்டுகளுக்குச் சிவப்பு பெயின்ட் அடித்தார்கள். இன்று துரு அந்தச் சிவப்பைத் தின்றிருக்கும். எந்த நட்டைத் தொடுவதானாலும், டயர் தட்டையாகத் தெரிந்தாலும், வால்வின் உள்ஊசியைக் கழற்றிக் காற்று முழுதும் போன பிறகே தொடங்குங்கள்.

இறுகிப்போன என்ஜினை வேறு வண்டியில் கட்டி இழுத்துச் சுழல வைக்க முயல்வது பிஸ்டனை உடைக்கும் வழி. பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் டீசலும் என்ஜின் ஆயிலும் கலந்து ஊற்றி, வாரக்கணக்கில் ஊறவிட்டு, முன்னுள்ள கைப்பிடியால் முன்னும் பின்னும் மெல்ல அசைத்துப் பார்க்க வேண்டும். செவர்லே என்ஜினின் கனெக்டிங் ராடு பேரிங்குகள் கடையில் வாங்கி மாட்டும் ஷெல் வகை அல்ல. வெள்ளை உலோகத்தை உருக்கி வார்த்துக் கடைந்தவை. இந்த வேலை தெரிந்த லேத் பட்டறைக்காரர்கள் குறைந்துவருகிறார்கள் என்பதால், அத்தகைய ஒருவரை முன்கூட்டியே தேடி வைப்பது அவசியம். ஓடத் தொடங்கியதும் ஆயில் அழுத்த மீட்டர் மிகக் குறைவாகக் காட்டுகிறதே என்று பதற வேண்டாம். அந்த என்ஜினின் இயல்பே அதுதான். மின்சாரம் 6 வோல்ட். அவசரத்துக்கு 12 வோல்ட் பேட்டரியை மாட்டினால் விளக்கும் சுருள்களும் கருகும். ஃபோர்டில் பேட்டரியின் நேர்முனைதான் பாடியில் எர்த் ஆகும், இன்றைய வழக்கத்துக்கு எதிர். நட்டு போல்டுகள் எல்லாம் அங்குல அளவு. மில்லிமீட்டர் ஸ்பேனரைப் போட்டு முனைகளை உருட்டிவிடாதீர்கள்.

பெயின்ட் வேலையை முற்பகல் பத்து மணிக்குத் தொடங்கி, ஈரக்காற்று ஏறும் மாலைக்கு முன் பிரைமரை (அடிப்பூச்சை) முடித்துவிட வேண்டும். கழுவிய வெற்று இரும்பு இங்கே ஓர் இரவு தாங்காது. சேசிஸின் மூடிய பகுதிகளுக்குள் மெழுகு எண்ணெய் பாய்ச்சி, நீர் வடியும் துளைகளைத் திறந்து வையுங்கள். நிறத்தை எப்படி முடிவு செய்வது? யாரும் கை வைத்திராத ஒரு மூலையில், டாஷ்போர்டின் பின்புறமோ கதவுக் கீலின் அடியிலோ, நனைத்த மெல்லிய உப்புத்தாளால் ஒரு ரூபாய் நாணய அளவுக்கு மெதுவாகத் தேய்த்தால், அடிமரத்தின் வளையங்கள் போல ஒவ்வொரு பூச்சும் வட்டமாகத் தெரியும். உலோகத்தை ஒட்டிய பிரைமருக்கு அடுத்த வளையமே ராணுவம் அடித்த நிறம்.

அந்த வளையங்களைப் பார்க்கும்போதுதான் கடினமான கேள்வி எழுகிறது. ராணுவப் பச்சைக்கு மேல் ஒரு நீலம், அதன் மேல் ஒரு மஞ்சள், அதன் மேல் தமிழில் எழுதிய முதலாளியின் இனிஷியலும் ஒரு முருகன் வேலும் இருந்தால் எதை வைத்துக்கொள்வது, எதை அழிப்பது? பட்டாளத்தில் அந்த லாரி ஓடியது சில ஆண்டுகள். கரியும் உப்பும் சுமந்தது அதைப்போல் பல மடங்கு காலம். முழு வண்டியையும் 1943-க்குத் திருப்புவதே சரி என்று சிலர் கருதுகிறார்கள், அவர்களுடைய உழைப்பை மதிக்கிறேன். எனக்கு அதில் உடன்பாடில்லை. நாங்கள் சேர்ந்து மீட்ட 15 ஹண்டர்வெயிட் வண்டியில் வலப்பக்கக் கதவுக்குப் பச்சை அடித்தோம். இடப்பக்கக் கதவை, உப்பு போகக் கழுவி, உலர்த்தி, நிறமற்ற மெழுகு மட்டும் பூசி, மஞ்சளும் வேலும் எழுத்தும் தெரிய அப்படியே விட்டிருக்கிறோம். மழைக்காலம் முடிந்ததும் அந்த மெழுகை ஆண்டுதோறும் துடைத்துப் புதிதாகப் பூச வேண்டியிருக்கிறது.